முதல் ஏர் பிஸ்டல்: எதை வாங்கலாம், எதற்குக் காத்திருக்கலாம்

கிளப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, அதற்குள் "அண்ணா, சொந்தமா ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன், மொரினியா ஸ்டேயரா?" என்று கேள்வி வந்துவிடும். அதையே அம்மா அப்பாக்கள் கேட்டால், "பையனுக்கு நல்லதா ஒண்ணு வாங்கணும் சார், பட்ஜெட் பத்திக் கவலை இல்லை" என்பார்கள். பட்ஜெட் பற்றிக் கவலை இல்லாதவர்கள்தான் பெரும்பாலும் பொருந்தாத பிஸ்டலோடு மாட்டிக்கொள்கிறார்கள், நான் பார்த்த வரையில். அவர்கள் பிராண்டில் ஆரம்பிக்கிறார்கள். ஸ்கோர் வருவதோ கிரிப் என்கிற கைப்பிடியிலிருந்தும் ட்ரிகரிலிருந்தும்.

நான் இங்கே பேசுவது 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பற்றி மட்டும்தான். சென்னை, கோவை, மதுரை என்று எந்த ரைஃபிள் கிளப்புக்குப் போனாலும் பிஸ்டல் பக்கம் வருகிறவர்களை முதலில் நிறுத்தும் இடம் அதுதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. .22 ஸ்போர்ட் பிஸ்டல் என்றால் ஆயுதச் சட்டத்தின் கீழ் லைசென்ஸ், போலீஸ் விசாரணை, தோட்டாவுக்குக் கணக்கு என்று வேறு உலகம். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். 10 மீட்டர் மேட்ச் பிஸ்டல் 6 ஜூல் பக்கத்தில்தான் சுடும், எல்லைக்கு வெகு கீழே. அதனால் .22 ஆசையை ஓரமாக வையுங்கள், இதில் கை நின்றால் அதிலும் நிற்கும்.

வாங்குவதற்கு முன் இலக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., அதாவது சுண்டுவிரல் நகத்தின் அகலம். அடுத்தடுத்த வளையங்கள் எல்லாம் 8 மி.மீ. இடைவெளியில். பிஸ்டலில் தகுதிச் சுற்றுக்கு முழு எண்தான், ஓரத்தில் தொட்ட பத்தும் பத்து, நட்ட நடுவில் போன பத்தும் பத்து. 60 ஷாட், 600-க்கு எத்தனை என்பதுதான் கணக்கு, தசமப் புள்ளியெல்லாம் ஃபைனலில் மட்டும். இப்போது புது மேட்ச் பிஸ்டல் எதை வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு டெஸ்ட் கார்டு வரும். இறுக்கிக் கட்டிவைத்து ஐந்து ஷாட் சுட்டதற்கான சாட்சி அது, ஐந்தும் சேர்ந்து ஒரே ஓட்டையாக இருக்கும். பத்து வருஷப் பழசான மேட்ச் பிஸ்டலும் குழல் கெடாமல் இருந்தால் கிட்டத்தட்ட அதே ஓட்டைதான் போடும். "இது அதைவிட அக்யூரேட்" என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு நகரலாம், ஏனென்றால் நாம் விடுகிற எட்டும் ஏழும் குழலால் வருவதில்லை.

வேறு எதனால்? குறிபார்க்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே ஒரு 33 சென்டிமீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரிகரை இழுக்கும்போது முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் ஓரமாகப் போனால் 10 மீட்டரில் அது 30 மி.மீ. ஆகிறது, பத்து போயிருக்க வேண்டிய ஷாட் ஏழில் போய் உட்காரும். கை முழுசும் ஆடினால்கூட இவ்வளவு நஷ்டம் வராது, ஏனென்றால் அப்போது இரண்டு சைட்டும் சேர்ந்து நகர்கின்றன. மணிக்கட்டு மட்டும் மடங்கினால்தான் இந்தக் கதை. மணிக்கட்டை மடக்குவது எது? கைக்குப் பொருந்தாத கிரிப், இல்லையென்றால் எதிர்பாராத இடத்தில் உடைகிற, அதாவது விடுபடுகிற ட்ரிகர். நான் பிராண்டைக் கடைசியில் வைப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, வரிசைக்கு வருவோம்.

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்பிரிங் பிஸ்டலை முதலில் ஒதுக்கிவிடலாம். உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும்போது ஒரு உதை, போய் மோதும்போது இன்னொரு உதை, பெல்லட், அதாவது ஈயக் குண்டு, குழலை விட்டு வெளியேறுவதற்குள் இத்தனையும் நடந்துவிடுகிறது. ட்ரிகரை இழுக்க இரண்டு மூன்று கிலோ அழுத்தம் வேண்டும். இதில் நன்றாகச் சுடக் கற்றுக்கொண்டவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் கற்றது அந்தத் துப்பாக்கியைச் சமாளிக்கும் வித்தை. கிளாக், பெரெட்டா என்ற நிஜத் துப்பாக்கிகள் மாதிரி அச்சாக இருக்கும் சிஓ2 பிஸ்டல்கள் இன்னும் மோசம். பார்க்க ஜோர்தான், ஆனால் பலதும் வழவழக் குழலில் இரும்பு உருண்டை விடுபவை, உருண்டை திரும்பித் தெறிக்கும் என்பதால் ஒழுங்கான ரேஞ்சில் உள்ளேயே விடமாட்டார்கள். போதாததற்கு சிஓ2-வின் அழுத்தம் வெயிலுக்கு ஏறும், வேகமாகச் சுட்டால் குளிர்ந்து இறங்கும். மே மாதம் மதியம் போட்ட சைட் செட்டிங் மழைக்காலக் காலையில் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. வீட்டு மாடியில் டப்பா சுட ஆசை என்றால்கூட நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட ஆள் வருகிற ஊர் நம்முடையது.

அடுத்தது சிங்கிள் ஸ்ட்ரோக். பக்கவாட்டிலோ அடியிலோ இருக்கும் நெம்புகோலை ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒருமுறை இழுத்து மூடினால் காற்று அடைபடும். சிலிண்டர் இல்லை, பம்ப் இல்லை, எந்த அழுத்தமானியையும் பார்க்க வேண்டாம். ரஷ்யாவின் பைக்கால் ஐஇஸட்ஹெச் 46எம், ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் 103 இரண்டும் இந்த வகைதான். எனக்கு இந்த 46எம் மீது ஒரு தனிப் பிரியம் உண்டு, அதை மறைக்கவில்லை. ட்ரிகர் விலைக்கு மீறி நல்லது, காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றினால் வருஷக்கணக்கில் ஓடும். ஆனால் 60 ஷாட் மேட்ச் என்றால் அதற்கு முந்தைய சைட்டரையும் (கணக்கில் சேராத பழகு ஷாட்) சேர்த்து எழுபது எண்பது தடவை நெம்புகோலை இழுக்க வேண்டும், அதுவும் சுடுகிற கை களைப்பாகாமல். வாரம் இரண்டு நாள் சும்மா ஆசைக்குச் சுடப் போகிற நாற்பது வயதுக்காரருக்கு இது போதும், நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். மாவட்டம், மாநிலம் என்று போட்டிக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு வேண்டாம். 2018-இலிருந்து பெண்களுக்கும் 40 ஷாட் போய் 60 ஷாட் ஆகிவிட்டது, பழைய கணக்கில் "பொண்ணுதானே, நாற்பதுதானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மிச்சம் இருப்பது எல்லோரும் வாங்குகிற, அடைத்த காற்றுச் சிலிண்டர் போட்ட மேட்ச் பிஸ்டல். சுவிட்சர்லாந்தின் மொரினி, ஆஸ்திரியாவின் ஸ்டேயர், இத்தாலியின் பார்தினி, ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ். புதுசு என்றால் நம் ஊரில் ஒன்றரை லட்சத்துக்குக் கீழ் பேச்சே இல்லை, பலதும் இரண்டைத் தாண்டும். எல்லாமே ஒரு கிலோவை ஒட்டிய எடை, எல்லாமே சர்வதேச விதியின் 420 x 200 x 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்கும், எல்லாவற்றிலும் ட்ரிகரை இழுக்க வேண்டிய எடையை விதி சொல்லும் குறைந்தபட்சம் 500 கிராமுக்கு வைக்கலாம். ஸ்டேயர் எல்பி 10-இல் உள்ளே ஒரு சின்ன எடை பின்னால் ஓடி உதையை விழுங்கும், பார்தினி கே12-விலும் அப்படி ஒன்று உண்டு, மொரினி 162-இல் கிடையாது. அந்த வித்தியாசம் நிஜம்தான், கையில் தெரியும். ஆனால் ஷாட்டுக்குச் சராசரி 8.5 சுடுகிறவரின் ஸ்கோரில் தெரியாது.

நிஜமாக யோசிக்க வேண்டிய விஷயம் மெக்கானிக்கலா எலக்ட்ரானிக்கா என்பது. மொரினி சிஎம் 162 இஐ-யை நம் கிளப்களில் நிறையப் பேர் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் அதன் எலக்ட்ரானிக் ட்ரிகர். கண்ணாடி உடைவது போல என்பார்கள், இன்றைக்கும் நாளைக்கும் ஒரே மாதிரி உடையும். இன்னொரு சௌகரியம் அதைவிடப் பெரியது: டிரை ஃபயர் செய்ய, அதாவது பெல்லட் இல்லாமல் சும்மா ட்ரிகரை இழுத்துப் பழக, ஒவ்வொரு தடவையும் லீவரைத் திறந்து மூட வேண்டாம், கையைத் தூக்கி, இழுத்து, இறக்கி, மறுபடி தூக்கலாம். வீட்டுச் சுவரைப் பார்த்து தினமும் அரைமணி நேரம் டிரை ஃபயர் செய்கிற பிள்ளைக்கு இது வரம். மெக்கானிக்கல் ட்ரிகரில் ஒவ்வொன்றுக்கும் லீவரால் காக் செய்து ட்ரிகரைத் தயாராக்க வேண்டும், பிடி கலையும், திரும்பப் பிடிக்க வேண்டும்.

அப்படியானால் எலக்ட்ரானிக்தான் என்று முடித்துவிடலாமே என்றால், சர்க்யூட் போர்டு போனால் உள்ளூரில் சரிசெய்ய ஆள் கிடையாது. கடற்கரை ஊர் ஈரம், பேட்டரி, ஒயர் இணைப்பு என்று கவலைகள் வேறு. டோக்கியோவில் மனு பாக்கருக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். 2021 ஜூலை 25, தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி, கிட்டத்தட்ட 20 நிமிஷம் போய், மிச்ச நேரத்துக்குள் மிச்ச ஷாட்டெல்லாம் சுட்டு 575, பன்னிரண்டாம் இடம், ஃபைனலுக்கு 2 பாயிண்ட் குறைவு. ஒலிம்பிக் அணிக்குப் பக்கத்திலேயே ஸ்பேர் பிஸ்டலும் ஆளும் இருந்தும் அந்த நிலைமை. மாநிலப் போட்டியில் உங்கள் பிள்ளைக்கு அது நடந்தால் பக்கத்து லேன்காரர்தான் துணை. மெக்கானிக்கலும் பழுதாகும், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஒரு ஸ்பிரிங்கையோ திருகையோ விவரம் தெரிந்த கோச் ரேஞ்ச் மேஜையிலேயே பார்த்துவிடுவார்.

என் முடிவு இது: வாரம் ஐந்து நாள் பயிற்சி, வீட்டில் டிரை ஃபயர், இரண்டு வருஷமாவது விடமாட்டான் என்று கோச்சே சொல்கிறார் என்றால் எலக்ட்ரானிக். மற்ற எல்லோருக்கும் முதல் பிஸ்டல் மெக்கானிக்கல் ட்ரிகரோடு, செகண்ட் ஹேண்ட். புதுசு வேண்டாமா என்றால், வேண்டாம். முதல் வருஷத்தில் கை மாறும், பிடி மாறும், சிலருக்கு பிஸ்டலே வேண்டாம் ரைஃபிள் என்று ஆகிவிடும். நல்ல செகண்ட் ஹேண்ட் மேட்ச் பிஸ்டல், வாங்கிய விலைக்குப் பெரிய நஷ்டம் இல்லாமல் திரும்ப விற்கும். புதுசோ பெட்டியைத் திறந்த அன்றைக்கே இறங்கிவிடும்.

ஆனால் செகண்ட் ஹேண்டில் ஏமாறுவதும் சுலபம், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டர். அதன் மேல் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும், சின்ன எழுத்து, மொபைல் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பத்து வருஷம்தான் அதன் ஆயுள் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், போட்டிகளிலும் காலாவதியான சிலிண்டரோடு வந்தால் உபகரணப் பரிசோதனையில் நிறுத்தலாம். எட்டு வருஷமான சிலிண்டரோடு வரும் பிஸ்டலில் புதுச் சிலிண்டரின் விலையையும் கூட்டித்தான் பேரம் பேச வேண்டும். இரண்டு சிலிண்டர் என்று பெருமையாகச் சொல்வார்கள், இரண்டுமே தேதி முடிந்ததாக இருக்கும். 200 பார் அழுத்தத்தில் காற்றை ஒரு உலோகக் குழாய்க்குள் அடைத்துக் கையில் பிடிக்கப் போகிறீர்கள், இதில் "பரவாயில்லை சார், ஒண்ணும் ஆகாது" என்கிற பேச்சே வேண்டாம்.

அப்புறம் ஒரு ராத்திரி அவகாசம் கேளுங்கள். சிலிண்டரை நிரப்பி, பிஸ்டலில் மாட்டி, அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று போட்டோ எடுத்து வைத்துவிட்டு மறுநாள் பார்க்க வேண்டும். முள் இறங்கியிருந்தால் சீல் போயிருக்கிறது, அது பெரிய செலவில்லை, ஆனால் விற்பவர் சொல்லவில்லை என்பது தெரிந்துவிடும். திருகுகளின் தலையைப் பாருங்கள். ட்ரிகரைச் சுற்றியுள்ள சின்னத் திருகுகளின் தலை தேய்ந்து வட்டமாகியிருந்தால் முந்தைய சொந்தக்காரர் வாராவாரம் ட்ரிகரை நோண்டியவர், உள்ளே என்ன நிலைமையோ. 500 கிராம் எடையைக் குழல் மேல்நோக்கி இருக்க ட்ரிகரில் தொங்கவிட்டுத் தூக்கினால் விடுபடக் கூடாது, எல்லா கிளப்பிலும் அந்த எடை இருக்கும். ஸ்பேர் ஓ-ரிங், ஆலன் கீ, ஃபில்லிங் அடாப்டர் பெட்டியில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். அடாப்டர் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு, அது இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தால் காற்றடிக்க முடியாமல் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பில்லும் இறக்குமதிக் காகிதமும் இல்லாத பிஸ்டல் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள்.

கிரிப்புக்கு வருவோம். மர கிரிப் எஸ், எம், எல் என்று அளவுகளில் வரும், வலதுகைக்கு வேறு, இடதுகைக்கு வேறு. அடுத்தவர் கிரிப் அடுத்தவர் செருப்பு மாதிரி, நம்பர் ஒன்றாக இருந்தாலும் பள்ளம் அவர் பாதத்துக்குத்தான் விழுந்திருக்கும். பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடி, கையைத் தூக்கி, கண்ணைத் திறந்து பாருங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவே தானாக வந்து நின்றால் கிரிப் உங்களுடையது. இடப்பக்கமோ மேலேயோ போய் நின்றால் மணிக்கட்டைத் திருகி நேராக்குவீர்கள், நாற்பதாவது ஷாட்டில் அந்தத் திருகல் தளரும், அந்த ஒரு மில்லிமீட்டர் அங்கேதான் பிறக்கிறது. ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதை ட்ரிகரில் நேராகப் பின்னோக்கி அழுத்த வேண்டும், விரலின் பக்கம் மரத்தில் உரசக் கூடாது. உரசினால் ட்ரிகரை இழுக்கும்போது பிஸ்டலும் சேர்ந்து தள்ளப்படும்.

நல்ல விஷயம் என்னவென்றால் இதற்கு லட்சம் வேண்டாம். உரசுகிற இடத்தில் உப்புத்தாள், காலியான இடத்தில் எம்-சீல், அவ்வளவுதான். கிளப்பில் சுற்றிப் பாருங்கள், பாதிப் பேரின் கிரிப்பில் அந்தச் சாம்பல் நிறத் திட்டு இருக்கும். பார்க்க அசிங்கம், சுட சுகம். அளவு மட்டும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிட்டால் எம்-சீலாலும் காப்பாற்ற முடியாது.

அதனால்தான் பிள்ளைகளுக்கு வாங்கும்போது இன்னும் பொறுமை வேண்டும் என்கிறேன். பன்னிரண்டு வயதுக்கு எஸ் கிரிப், பதினைந்தில் எம் ஆகிவிடும். ஒரு கிலோவை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்து 75 நிமிஷத்துக்குள் 60 ஷாட் என்பது அந்தத் தோளுக்குச் சுமை. மொரினி, ஸ்டேயரில் குட்டைக் குழல், சின்னச் சிலிண்டர் மாடல்கள் உண்டு, முன்பக்க எடை குறைவதால் கை இறங்குவதில்லை. பெரிய பிஸ்டலை வாங்கி "வளர்ந்தா சரியாப் போயிடும்" என்று கொடுத்தால் இடுப்பை வளைத்து, தோளைத் தூக்கிச் சமாளிக்கப் பிள்ளை கற்றுக்கொள்ளும், அதைக் கழற்றக் கோச்சுக்கு ஒரு வருஷம் ஆகும். அந்த வயதில் கிளப் பிஸ்டலே போதும், சின்ன கிரிப் ஒன்றை மட்டும் சொந்தமாக வாங்கி, சுடும் நேரத்தில் மாட்டிக்கொள்ளலாம். அதிகம் பேர் இதை யோசிப்பதே இல்லை.

கிளப் பிஸ்டல் என்றதும் முகம் சுளிப்பார்கள். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், சைட் ஒவ்வொரு தடவையும் மாறியிருக்கும், எண்ணெய் யார் விட்டார்களோ தெரியாது என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் முதல் சில மாதம் அதில் சுடுவதால் ஒரு லாபம் உண்டு: இரண்டு மூன்று பிராண்ட் கைக்கு வந்து போகும், உங்கள் கை எதைத் தேடுகிறது என்று தெரியும். பணம் கொடுத்து யூகிப்பதற்குப் பதில் சும்மா தெரிந்துகொள்ளலாம்.

மிச்சப்படுத்திய பணம் பெல்லட்டுக்குப் போகட்டும். நாளைக்கு 60, வாரம் ஐந்து நாள் என்றால் வாரத்துக்கு 300, ஒரு டப்பாவில் 500, ஆக வருஷத்துக்கு முப்பது டப்பா தாண்டும். தலை தட்டையான பெல்லட் மட்டும்தான், அதுதான் காகிதத்தில் சுத்தமான வட்டம் வெட்டும். பயிற்சிக்கு சாதாரண மேட்ச் பெல்லட், போட்டிக்கு மட்டும் உசத்தி. ஆரம்பத்திலேயே ஆர்10, ஃபினாலே மேட்ச் என்று உசத்தி ரகங்களை வாங்கிக் குவிப்பது வீண். ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீக்கடைக்குப் போகக் கூடாது, பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

காற்றுக்கு வழியையும் பிஸ்டல் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கிளப்பில் ஸ்கூபா சிலிண்டர் இருந்தால் பிரச்சினையே இல்லை, ஒரு நிரப்பலில் 150 ஷாட்டுக்குக் குறையாது. கைப்பம்பில் 200 பார் ஏற்றுவது நல்ல உடற்பயிற்சி, ஆனால் ஈரக்காற்றும் உள்ளே போகும், அதனால் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிற பம்பாகப் பார்த்து வாங்குங்கள், நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்கள். விமானத்தில் போட்டிக்குப் போவதென்றால் சிலிண்டரைக் கழற்றிக் காலி செய்துதான் கொடுக்க வேண்டும், போய் இறங்கும் ஊரில் உங்கள் அடாப்டருக்குக் காற்று கிடைக்குமா என்று முன்னாலேயே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிஸ்டல் காலி என்று காட்டக் குழலுக்குள் நுழைக்கும் சேஃப்டி ஃப்ளாக்கைத் தனியாக விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. புல் வெட்டும் மெஷினுக்குப் போடும் ஆரஞ்சு நைலான் நரம்பு ஒரு முழம் போதும், இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டிக்கொள்ளலாம்.

இடதுகைக்காரர்களுக்கு மட்டும் மேலே சொன்ன செகண்ட் ஹேண்ட் கணக்கு அப்படியே பொருந்தாது. இடதுகை கிரிப்போடு பழைய பிஸ்டல் விற்பனைக்கு வருவது அபூர்வம், வந்தாலும் உங்கள் அளவாக இருக்காது. வலதுகைப் பிஸ்டலை மலிவாக வாங்கி, இடதுகை கிரிப்பைத் தனியே வரவழைத்து மாட்டுவதுதான் வழி. அதற்கு முன் அந்த மாடலின் காக்கிங் லீவரை வலதுகையால் வசதியாகத் திறக்க முடிகிறதா என்று ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.